ஒரு மாநகராட்சி வேலைக்கு 173 பேரோட தொழில் வரி: காஞ்சிபுரத்தை வச்சு ஒரு கணக்கு

உங்க சேலரி ஸ்லிப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பி.எஃப்., வருமான வரி எல்லாம் பிடிச்ச பிறகு கீழ ஒரு மூலையில 'பி.டி.'ன்னு ஒரு வரி இருக்கும். சில கம்பெனில மாசம் 208 ரூபாய். சில கம்பெனில ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 1,250 ரூபாய். அதுதான் தொழில் வரி. தொகை சின்னது, அதனால யாரும் அதைப் பத்திக் கேக்கறதே இல்ல. நிறைய பேர் இதுவும் டெல்லிக்கோ கோட்டைக்கோ போகுதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க.

போகல. தமிழ்நாட்டுல தொழில் வரி நேரா உள்ளாட்சிக்குப் போகுது. உங்க ஆபீஸ் எந்த ஊர் எல்லைக்குள்ள இருக்கோ, அந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியோட கணக்குல சேருது. உங்க சம்பளத்துல இருந்து இடையில யார் கையும் படாம உள்ளூர் நிர்வாகத்துக்குப் போற ஒரே வரி இதுதான். குப்பை அள்றவரோட சம்பளம், மோட்டார் போடறவரோட சம்பளம், பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற உதவியாளரோட சம்பளம் எல்லாத்துலயும் இதுக்கு ஒரு பங்கு இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எந்த ஊர் மாமன்றக் கூட்டத்தைப் பத்திப் பேப்பர்ல படிச்சாலும் ஒரே மாதிரி ரெண்டு வரி இருக்கும். கவுன்சிலர் எழுந்து "என் வார்டுல ஆள் பத்தல"ன்னு சொல்வார். ஆணையர் "கூடுதல் பணியிடம் கேட்டு அரசுக்குக் கருத்துரு அனுப்பியிருக்கோம், நிதி நிலைமையும் பார்க்கணும்"னு பதில் சொல்வார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். அந்த ரெண்டாவது வரிக்குப் பின்னாடி என்ன கணக்கு இருக்குங்கறதுதான் இந்தப் பதிவு.

காஞ்சிபுரத்தை எடுத்ததுக்குக் காரணம்

1866-ல நகராட்சி ஆன ஊர். 2021-ல மாநகராட்சி ஆச்சு. 2022 பிப்ரவரில முதல் மாநகராட்சித் தேர்தல் நடந்துச்சு. 2011 சென்சஸ்ல பழைய நகராட்சி எல்லைக்குள்ள 1,64,384 பேர். போர்டுல 'நகராட்சி' போய் 'மாநகராட்சி' வந்ததும் மக்களோட எதிர்பார்ப்பு ஒரே ராத்திரியில ஏறிடுச்சு. வருமானம் அந்த வேகத்துல ஏறாது. ஏன்னு பார்க்கணும்னா இந்த ஊரோட அமைப்பைப் புரிஞ்சுக்கணும்.

ஊரோட பெரிய அடையாளம் கோயில்கள். வரதராஜப் பெருமாள், ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், கைலாசநாதர்னு சொல்லிட்டே போகலாம். வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரி கிடையாது. அது சரியான விலக்குதான், நான் குறை சொல்லல. ஆனா கணக்குப் புத்தகத்துல அதோட அர்த்தம் என்னன்னா, ஊர்ல இருக்கிற மிகப்பெரிய வளாகங்கள்ல இருந்து வரி வராது. அந்த வளாகங்களுக்கு வர்ற கூட்டத்தோட குப்பை, குடிநீர், கழிப்பறைச் செலவு மட்டும் வரும்.

அடுத்தது பட்டு. காந்தி ரோட்டுல நீங்க 30,000 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்தா ஜி.எஸ்.டி. 5%, அதாவது 1,500 ரூபாய். பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. அந்தக் கடை வாசலைப் பெருக்கிற மாநகராட்சிக்கு அந்த பில்லுல இருந்து நேரா ஒரு ரூபாய் கூட வராது. கடையோட சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், கடை ஊழியர்களோட தொழில் வரி, இவ்வளவுதான் அதுக்கு.

மூணாவது நீங்க. காலையில காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜாபாத் வழியா ஒரகடம் பக்கம் எத்தனை கம்பெனி பஸ் போகுதுன்னு பாருங்க. அதுல போறவங்க காஞ்சிபுரத்துல தூங்கறாங்க, காஞ்சிபுரத்துத் தண்ணி குடிக்கறாங்க, காஞ்சிபுரத்துலதான் குப்பை போடறாங்க. ஆனா அவங்க தொழில் வரி ஃபேக்டரி இருக்கிற ஊராட்சிக்குப் போகுது. வரி வசிக்கிற ஊருக்கு இல்ல, வேலை பார்க்கிற ஊருக்கு. இது சட்டம், யாரும் ஏமாத்தல. ஆனா பட்ஜெட் போடும்போது இந்த ஓட்டை பெருசாத் தெரியும்.

ஆக, காஞ்சிபுரம் மாதிரி ஊருக்குச் சொந்தமா வர்ற பெரிய வருமானம் சொத்து வரி. அப்புறம் குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணங்கள், கடை வாடகை. மீதிக்கு அரசைத்தான் பார்க்கணும். மாநிலத்தோட சொந்த வரி வருவாயில சுமார் 10% உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறாங்க, மாநில நிதிக் குழு மானியம்னு. அதுல ஒரு பங்கு வரும். மத்திய நிதிக் குழு மானியமும் வரும். ஆனா அதைச் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக் கூடாதுன்னு 15-வது நிதிக் குழுவே நிபந்தனை போட்டிருக்கு. "மத்திய அரசு இத்தனை கோடி கொடுத்துச்சே, நாலு ஆள் போடக் கூடாதா"ன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். அந்தப் பணத்துல பைப் போடலாம். பைப்பைப் பார்த்துக்க ஆள் போட முடியாது.

மூணு வருமானம், மூணு வேகம்

இதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே முக்கியமாப் படற இடம்.

சொத்து வரி ஏறும். 2022 ஏப்ரல்ல ஏத்தினாங்க. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள்ல 600 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25%, 601-ல இருந்து 1,200 வரை 50%, 1,201-ல இருந்து 1,800 வரை 75%, அதுக்கு மேல 100%. அதுக்கப்புறம் வருஷா வருஷம் குறைஞ்சது 6% ஏத்தலாம்னு விதி வந்து, 2024-ல ஒரு தடவை 6% ஏறவும் செஞ்சது. ஒவ்வொரு வருஷமும் நிஜமாவே ஏத்துவாங்களாங்கறது அரசியல். தேர்தல் வருஷத்துல யாரும் தைரியமா கை வைக்க மாட்டாங்க. ஆனா ஏத்தறதுக்கு வழி இருக்கு.

மாநில மானியம் மாநிலத்தோட வரி வசூலோட சேர்ந்து ஏறும், இறங்கும். அது மாமன்றத்தோட கையில இல்ல.

தொழில் வரி? அரசியலமைப்புச் சட்டத்தோட 276-வது பிரிவு சொல்றது, ஒருத்தர்கிட்ட வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது. இந்த 2,500 எப்ப வச்சதுன்னு நினைக்கறீங்க? 1988-ல, 60-வது திருத்தத்துல. அதுக்கு முன்னாடி 250. அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படியே இருக்கு. இதைப் படிக்கிற பல பேர் அப்ப பிறக்கவே இல்ல. 1988-ல இருந்து 2025 வரைக்கும் வருஷம் 6% ஏறியிருந்தாலே இன்னைக்கு அது 21,500 ரூபாய்க்கு மேல இருந்திருக்கும்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. சென்னையில அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினா உச்ச வரி, 1,250. மத்த ஊர்கள்ல விகிதம் கொஞ்சம் மாறலாம், உச்சவரம்பு இதேதான். 75,000-ஐ ஆறால வகுத்தா மாசம் 12,500. அதாவது மாசம் 15,000 வாங்கற தூய்மைப் பணியாளரும், மாசம் ஒன்றரை லட்சம் வாங்கற சாஃப்ட்வேர் இன்ஜினியரும் கட்டறது ஒரே 1,250. அவருக்கு அது ஒரு நாளைக்கு மேல கூலி இல்ல, ரெண்டு நாளைக்கு மேல கூலி. நமக்கு ஒரு வார இறுதி பிரியாணி ஆர்டர்.

14-வது நிதிக் குழு இந்த உச்சவரம்பை 12,000 ஆக்கச் சொல்லிப் பரிந்துரை பண்ணுச்சு. நடக்கல. அரசியலமைப்பைத் திருத்தணும், நாடாளுமன்றத்துல கொண்டு வரணும், சம்பளக்காரங்க கோவப்படுவாங்க. நீங்களும் இப்ப என்னைத் திட்டறீங்கன்னு தெரியும். ஆனா அதிகமாச் சம்பாதிக்கறவங்ககிட்ட மாசம் 1,000 ரூபாய் வாங்கிட்டு, 15,000 வாங்கறவரை விட்டுடலாம்ங்கறது நியாயமாத்தான் எனக்குத் தோணுது.

ஒரு பணியிடம் உண்மையில எவ்வளவு?

மாமன்றத்துல ஒரு இளநிலை உதவியாளர் பணியிடம் கேக்கறாங்கன்னு வச்சுக்குவோம். ஊதிய நிலை 8, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படி 58%னா 11,310. கூட்டினா 30,810. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு நிர்வாகத்தோட பங்கு 10%, அது 3,081. வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி எல்லாம் சேர்த்து ரவுண்டா மாசம் 36,000 ரூபாய்னு எடுத்துக்கறேன். வருஷத்துக்கு 4,32,000.

இந்த 4,32,000-ஐ 2,500-ஆல வகுத்துப் பாருங்க. 173 பேர். முழு தொழில் வரி கட்டற 173 சம்பளக்காரங்க சேர்ந்தா ஒரு இளநிலை உதவியாளருக்கு ஒரு வருஷச் சம்பளம். தலைப்புல இருக்கிற நம்பர் இதுதான்.

ஆனா ஒரு வருஷத்துக்கு மட்டும் கணக்குப் போடறது ஹோம் லோன்ல முதல் இ.எம்.ஐ.யை மட்டும் பார்த்துட்டு வீடு வாங்கற மாதிரி. 27 வயசுல சேர்றவர் 60 வயசுல ஓய்வு பெறுவார். 33 வருஷம். வருஷா வருஷம் 3% இன்கிரிமென்ட், அகவிலைப்படி ரெண்டு தடவை, நடுவுல சம்பளக் கமிஷன், பதவி உயர்வு. மொத்தமா வருஷம் 6% ஏறுதுன்னு குறைச்சலாவே வச்சாலும் 33 வருஷத்துக்கு 4 கோடியே 20 லட்சம். 8%னு வச்சா 6 கோடியே 30 லட்சம். இதுல ஓய்வூதியத்துக்கு அந்த 10% பங்கு மட்டும்தான் சேர்த்திருக்கேன். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவங்களோட ஓய்வூதியத்தை மாத்தணும்ங்கறது ரொம்ப நாள் கோரிக்கை. அது மாறினா இந்தத் தொகையும் மாறும்.

மாமன்றத்துல ஒரு நிமிஷத்துல "தீர்மானம் நிறைவேற்றப்பட்டது"ன்னு சொல்ற விஷயம் ஒரு 4 கோடி ரூபாய் வாக்குறுதி. இதுக்காகப் பணியிடமே கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. 6% ஏறற செலவை 6% ஏறற சொத்து வரியோட ஜோடி சேர்த்தா அது 33 வருஷமும் தாங்கும். அதையே ஏறவே ஏறாத தொழில் வரியோட ஜோடி சேர்த்தா? 33-வது வருஷம் அதே ஒரு ஆளோட சம்பளத்துக்கு 173 பேர் பத்தாது, 1,100 பேருக்கு மேல வேணும். அதனால "பணம் இருக்கா"ங்கறதை விட "எந்தப் பணம்"ங்கற கேள்விதான் சரியான கேள்வி.

மாமன்றமே நினைச்சாலும் ஆள் போட முடியாது

இது நிறைய பேருக்குத் தெரியாது. மாநகராட்சி பணியிடங்களை உருவாக்கறதும் ஒழிக்கறதும் மாநில அரசோட அதிகாரம். மாமன்றம் தீர்மானம் போடலாம், கருத்துரு அனுப்பலாம். நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை போட்டாத்தான் பணியிடம். ஆள் எடுக்கறதும் பெரும்பாலும் மாநில அளவுலதான். அண்ணா பல்கலைக்கழகம் மூலமாத் தேர்வு வச்சு, 2025 ஆகஸ்ட்ல இந்தத் துறைக்கு மொத்தமா 2,538 பேருக்கு ஆணை கொடுத்தாங்க. ஆனா அவங்க சம்பளம்? எந்த உள்ளாட்சில வேலை பார்க்கறாங்களோ அந்த உள்ளாட்சியோட நிதியில இருந்து. முடிவு ஒரு இடத்துல, பில் இன்னொரு இடத்துல.

2022 அக்டோபர்ல அரசாணை 152 வந்துச்சு. சென்னை நீங்கலா அன்னைக்கு இருந்த 20 மாநகராட்சிகளுக்கும், காஞ்சிபுரம் உட்பட, எத்தனை நிரந்தரப் பணியிடம் இருக்கலாம்னு புதுசா வரையறுத்த ஆணை. கீழ்நிலைப் பணிகள்ல பலதை வெளி ஏஜென்சி மூலமாப் பார்த்துக்கலாம்னு அதுல போச்சு. சங்கங்கள் கடுமையா எதிர்த்தாங்க. இன்னைக்கும் உள்ளாட்சி ஊழியர் போராட்டம் எங்க நடந்தாலும் "152-ஐ ரத்து செய்"ங்கற பேனரைப் பார்க்கலாம்.

அரசு தரப்புக் காரணத்தையும் சொல்லணும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகள்ல நிர்வாகச் செலவு வருவாயில 49%-ஐத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரம்பு ரொம்ப நாளா இருக்கு. அதைத் தாண்டிட்டா ரோடு, விளக்கு, கால்வாய்க்குக் காசு இருக்காது. வரம்பு நியாயமானது. ஆனா ஒரு ஆடிட்டரா எனக்கு இதுல ஒரு உறுத்தல். நிரந்தர ஊழியர் சம்பளம் கணக்குல 'நிர்வாகச் செலவு'. அதே வேலையை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தா அந்த பில் பெரும்பாலும் 'இயக்கம், பராமரிப்பு' தலைப்புல போய் உக்காந்துக்கும். தெருவைப் பெருக்கறது அதே தெரு, பணம் போறது அதே கஜானாவுல இருந்து. ஆனா 49% விகிதம் அழகாயிடும். கம்பெனி கடனை பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளிய தள்ளி வைக்கிற வித்தை உங்களுக்குத் தெரியும்ல, கிட்டத்தட்ட அதோட தம்பி இது.

ஒப்பந்தத்துல மிச்சம் எங்க இருந்து வருது?

ஒரு தூய்மைப் பணியாளரை எடுத்துக்குவோம். நிரந்தரமா எடுத்தா அடிப்படைச் சம்பளம் 15,700, அகவிலைப்படி 58% சேர்த்து 24,806, ஓய்வூதியப் பங்கு, மத்த படிகள் எல்லாம் சேர்ந்து மாசம் சுமார் 29,000.

ஒப்பந்தத்துல மாசக் கூலி 15,000னு வச்சுக்குவோம். பி.எஃப்.க்கு முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13%, 1,950. ஈ.எஸ்.ஐ. 3.25%, 488. மொத்தம் 17,438. ஒப்பந்ததாரர் லாபம் 10%னு எடுத்தா மாநகராட்சிக்கு வர்ற பில் 19,182. (ஜி.எஸ்.டி. எங்கன்னு கேக்கறவங்களுக்கு: துப்புரவு மாதிரி உள்ளாட்சியோட அடிப்படைப் பணிக்கு வெறும் சேவையா மட்டும் கொடுத்தா விலக்கு இருக்கு. வண்டி, பொருள் எல்லாம் சேர்ந்தா கதை மாறும்.)

தொழிலாளி கையில என்ன வரும்? 15,000-ல பி.எஃப். 1,800, ஈ.எஸ்.ஐ. 113, தொழில் வரி 208 போக 12,879.

மாநகராட்சிக்கு ஒரு ஆளுக்கு மாசம் சுமார் 9,800 மிச்சம். நூறு பேருக்கு வருஷத்துல 1 கோடியே 18 லட்சம். நெருக்கடில இருக்கிற ஊருக்கு இது சின்னத் தொகை இல்ல, அதனாலதான் எல்லாக் கட்சியும் எல்லா ஊர்லயும் இதைப் பண்றாங்க. ஆனா அந்த 1.18 கோடி எந்தத் திறமையாலயும் வந்தது இல்ல. புது மெஷின் வரல, ரூட் மாறல, குப்பை குறையல. அந்த நூறு பேர் வீட்டு அடுப்புல இருந்து வந்தது.

2025 ஆகஸ்ட்ல சென்னை ரிப்பன் மாளிகை வாசல்ல நடந்ததும் இதே கணக்குதான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உக்காந்திருந்தாங்க. 13-ஆம் தேதி நள்ளிரவுல போலீஸ் அவங்களை அப்புறப்படுத்துச்சு. அவங்களும் நிரந்தர ஊழியர்கள் இல்ல, பல வருஷமாத் தற்காலிகமா இருந்தவங்க. மாசம் சுமார் 23,000 வந்துட்டு இருந்தது 16,000, 17,000 அளவுக்கு இறங்கிடும்னாங்க. உங்க சம்பளத்துல கால் பங்குக்கு மேல அடுத்த மாசம் வெட்டிட்டு அதே வேலையைப் பாருன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?

மிச்சம் பிடிச்சது பில்லா வர்றப்போ

இப்பக் கொடுக்காத சம்பளம் எப்பவும் மிச்சம் ஆயிடாது. சில நேரம் அது தள்ளிப்போட்ட கடன்.

காசியாபாத் மாநகராட்சில தோட்ட வேலை பார்த்துட்டு இருந்த தற்காலிகத் தொழிலாளர்களை 2005-ல நிறுத்தினாங்க. இருபது வருஷம் வழக்கு. 2025 ஜனவரி 31-ல உச்ச நீதிமன்றம் அவங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது மட்டுமில்ல, இடைப்பட்ட காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடுக்கச் சொல்லிடுச்சு. வேலையே வாங்காத வருஷங்களுக்குச் சம்பளம்! 2005-ல யாரோ ஒரு அதிகாரி "செலவைக் குறைச்சேன்"னு ஃபைல்ல எழுதியிருப்பார். 2006 உமாதேவி தீர்ப்பு, தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கேக்கற உரிமை தானா வராதுன்னு சொன்னது உண்மை. ஆனா வருஷக்கணக்கா நிரந்தர வேலையைத் தற்காலிகப் பேர்ல வாங்கறதுக்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாப் பிடிக்கக் கூடாதுன்னு சமீபத் தீர்ப்புகள் சொல்லிட்டு வருது.

வெளிநாட்டு உதாரணம் பர்மிங்ஹாம். இங்கிலாந்தோட பெரிய மாநகராட்சிகள்ல ஒண்ணு. ஆண்கள் அதிகம் இருந்த குப்பை அள்ற மாதிரி வேலைகளுக்கு போனஸ் கொடுத்தாங்க, பெண்கள் அதிகம் இருந்த சமையல், துப்புரவு வேலைகளுக்குக் கொடுக்கல. வழக்கு வந்துச்சு. 110 கோடி பவுண்டு கொடுத்த பிறகும் முடியல. 2023 செப்டம்பர்ல, இன்னும் 76 கோடி பவுண்டு வரைக்கும் பாக்கி இருக்கலாம்ங்கற மதிப்பீட்டோட, சட்டப்படி கட்டாயமான செலவைத் தவிர வேற புதுச் செலவு பண்ண முடியாதுன்னு அறிவிச்சாங்க. 2025-ல சிக்கனத்துக்காகக் குப்பை வண்டில ஒரு பதவியை எடுத்தாங்க. ஊழியர்கள் வேலைநிறுத்தம், தெருவெல்லாம் குப்பை மூட்டை.

நம்ம ஊர்ல இதோட சின்ன வடிவம் பி.எஃப். பாக்கி. ஒப்பந்ததாரர் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டலைன்னா சட்டப்படி பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு வந்து சேரும். அதாவது மாநகராட்சிக்கு. உங்க அம்மா, அப்பா, சித்தி யாராவது ஒப்பந்தத்துல இந்த மாதிரி வேலை பார்த்தா, இந்த வாரமே உமங் ஆப்ல அவங்க பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாசா மாசம் பணம் ஏறியிருக்கான்னு பாருங்க. சம்பளத்துல பிடிச்சிருக்கும், கணக்குல ஏறியிருக்காது. கேட்டாத்தான் வரும். புகாரை ஒப்பந்ததாரர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, மாநகராட்சி ஆணையருக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் எழுத்துல கொடுங்க.

அப்ப எல்லாரையும் நிரந்தரம் ஆக்கணுமா?

இல்ல. காஞ்சிபுரமே அதுக்கு நல்ல உதாரணம். 2019-ல அத்தி வரதர் தரிசனம், ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். ரெண்டு லட்சம் பேர் கூட இல்லாத நகராட்சிக்கு ஒரு கோடிப் பேர் வந்துட்டுப் போனதாச் சொன்னாங்க. மத்த ஊர்கள்ல இருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டு வந்து சமாளிச்சாங்க. அந்தக் கூட்டத்தை மனசுல வச்சு நிரந்தரப் பணியிடம் உருவாக்கியிருந்தா அடுத்த தரிசனம் வர்ற 40 வருஷமும் சம்பளம் கொடுத்துட்டு இருக்கணும். வைகாசி பிரம்மோற்சவம், பங்குனி உத்திரம் மாதிரி வருஷத்துல சில நாள் வர்ற கூட்டத்துக்கும் இதே நியாயம்தான். தற்காலிக ஆள், பக்கத்து ஊர் ஆள், கூடுதல் படி கொடுத்து கூடுதல் நேரம்.

ஆனா தினமும் காலையில ஆறு மணிக்கு நடந்தே ஆக வேண்டிய வேலை வேற. வார்டுல குப்பை எடுக்கறது, பாதாளச் சாக்கடை அடைப்பு, தண்ணி விடறது. இது 33 வருஷமும் இருக்கப் போற வேலைன்னு தெரிஞ்சே 11 மாச ஒப்பந்தத்துல வாங்கறது கணக்கு இல்ல, கண்ணாமூச்சி.

பட்டு நெசவு வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். கோர்வைச் சேலைன்னா உடல் ஒரு கலர், கரை வேற கலர், ரெண்டையும் நெய்யும்போதே கோத்துட்டு வரணும். தறியில நெசவாளர் தவிர, கரைக்கு நாடா தள்ள பக்கத்துல இன்னொரு ஆள் உக்காரணும். ஒரு சேலைக்கு ஒரு கூலிதான், அதுல இருந்துதான் உதவி ஆளுக்கும் கொடுக்கணும். கட்டுப்படி ஆகலைன்னு உதவி ஆளை நிறுத்தினவங்க தறியை நிறுத்தல. கோர்வையை விட்டுட்டு வேற ரகத்துக்குப் போனாங்க. தூரத்துல இருந்து பார்த்தா அதுவும் பட்டுச் சேலைதான். ஆள் குறைச்ச மாநகராட்சியும் அப்படித்தான் இயங்கும். தினமும் எடுத்த குப்பையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பாங்க.

இன்னொரு வகைப் பணியிடம் இருக்கு, தன் சம்பளத்தைத் தானே கொண்டு வர்றது. வரி விதிப்பு, வசூல் பக்கம் இருக்கிற ஆட்கள். மாடி கட்டியும் பழைய அளவுக்கே வரி கட்டிட்டு இருக்கிற வீடு, வீட்டு வரியில ஓடிட்டு இருக்கிற கடை, இதெல்லாம் எந்த ஊர்லயும் உண்டு. ஒரு கட்டடத்துக்குச் சரியா அளந்து வருஷம் 1,500 ரூபாய் கூட வந்தாலே, 288 கட்டடம் சரி பண்ணினா அந்த ஊழியரோட முதல் வருஷச் சம்பளம் வந்துடும். அந்த வருமானம் அடுத்த வருஷமும் வரும், 6% ஏறியும் வரும். நிதி நெருக்கடின்னு சொல்லி இந்தப் பணியிடத்தைக் காலியா வச்சிருக்கிற ஊரை எனக்குப் புரிஞ்சுக்கவே முடியல. ஆடு மேய்க்க ஆள் இல்லைன்னு ஆட்டையே விக்கற கதை.

உங்க பக்கம் பார்க்க வேண்டியது

சொத்து வரி: அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல் 30-க்குள்ள, அக்டோபர் 30-க்குள்ள கட்டினா 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000. தள்ளிப் போட்டா மாசத்துக்கு 1% அபராதம். அப்பா பேர்ல இருக்கிற வீடுன்னா அவருக்கு ஞாபகப்படுத்துங்க.

தொழில் வரி: பழைய வருமான வரி முறையில இருந்தா இந்த 2,500-ஐச் சம்பளத்துல கழிச்சுக்கலாம். புதிய முறையில கழிக்க முடியாது. வருஷ நடுவுல கம்பெனி மாறினவங்க ரெண்டு இடத்துலயும் ஒரே அரையாண்டுக்குப் பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க. பழைய கம்பெனியோட ஸ்லிப்பைக் காட்டினா புது எச்.ஆர். நிறுத்திடுவாங்க.

மாநகராட்சி வேலைக்கு முயற்சி பண்றவங்க விளம்பரத்துல ரெண்டு விஷயம் தேடுங்க. அரசாணைப்படி ஒப்புதல் பெற்ற பணியிடமா, இல்ல ஏஜென்சி மூலமாவா? ஊதிய நிலை எண் போட்டிருக்கா, இல்ல 'தொகுப்பூதியம்'னு மட்டும் இருக்கா? ரெண்டும் ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலிதான். 33 வருஷத்துல வித்தியாசம் கோடில.

உங்க ஊர் பட்ஜெட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. தமிழ்நாட்டு மாநகராட்சிகள் கணக்கை வருவாய் நிதி, குடிநீர்-வடிகால் நிதி, கல்வி நிதின்னு தனித்தனியா வைக்கிறாங்க. வருவாய் நிதில சம்பளத் தலைப்பை மட்டும் பார்க்காதீங்க, அதுக்குப் பக்கத்துல ஒப்பந்தத் துப்புரவுச் செலவையும் கூட்டிப் பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு ரெண்டையும் சேர்த்துப் போட்டா சம்பளம் நிஜமாவே குறைஞ்சுதா, தலைப்பு மட்டும் மாறுச்சான்னு தெரிஞ்சுடும்.

இந்தப் பதிவுல போட்ட 33 வருஷக் கணக்கோட எக்செல் ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டத்துல இருக்கிற 6%-ஐ மட்டும் மாத்துங்க, 36,000-க்குப் பதிலா உங்க சம்பளத்தைப் போட்டாலும் வேலை செய்யும்.